போர்ட்ஃபோலியோ கொடுத்து இங்கிலீஷ் காம்போசிஷன் கிரெடிட் வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் நர்சிங் படித்தாலும் சரி, கணக்கியல் படித்தாலும் சரி, கம்ப்யூட்டர் படித்தாலும் சரி, முதல் வருடத்தில் ஒரு பாடம் காத்துக்கொண்டிருக்கும். இங்கிலீஷ் காம்போசிஷன், அதாவது கட்டுரை எழுதப் பழக்கும் பாடம். பெரும்பாலான கல்லூரிகளில் இது இரண்டு செமஸ்டர், ஒவ்வொன்றும் 3 கிரெடிட். கிரெடிட் என்பது ஒரு பாடத்தை முடித்ததற்காகப் பட்டத்தின் கணக்கில் சேரும் அலகு. நான்கு வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட், இரண்டு வருட அசோசியேட் பட்டத்துக்கு 60 கிரெடிட் என்பது வழக்கமான கணக்கு. அதில் இந்த 6 கிரெடிட் சின்னதாகத் தெரியும். ஆனால் பல மேல்நிலைப் பாடங்களுக்கு இதுதான் முன்தகுதி. இதை முடிக்காமல் அங்கே பெயர் பதியவே விடமாட்டார்கள்.

பள்ளி முடித்து நேராக வருகிற பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் அவசியம்தான். ஆனால் பத்து வருடமாக வேலையிடத்தில் இங்கிலீஷில் அறிக்கை எழுதிக்கொண்டிருப்பவர், குடும்பத்துக்காக நிறுத்திய படிப்பை மறுபடி தொடங்குபவர், மாலை வகுப்புக்குப் போனால் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர், இவர்களுக்கெல்லாம் ஒரு செமஸ்டருக்கு 15 வாரம் என்பது பெரிய விலை. இவர்களுக்காக ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே எழுதியவற்றைத் தொகுத்து, அவற்றைப் பற்றி ஒரு விளக்கக் கடிதமும் எழுதி, போர்ட்ஃபோலியோவாகக் கல்லூரியிடம் கொடுக்கலாம். பேராசிரியர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால் பாடத்தை எடுக்காமலே கிரெடிட் கிடைக்கும்.

நான் அந்த வழியில் போனவள். நாற்பத்திரண்டு வயதில், நியூ ஜெர்சியில் ஒரு பொது நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பைத் தொடர்ந்தேன். முதல் தடவை என் போர்ட்ஃபோலியோ திரும்பி வந்தது. இரண்டாம் தடவை கிடைத்தது. இடையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், உங்களுக்கு முதல் தடவையே கிடைக்க வேண்டும் என்பதற்காக.

எதற்குக் கிரெடிட் தருகிறார்கள்

இதற்குப் பல பெயர்கள் உண்டு. சில கல்லூரிகள் பிரையர் லேர்னிங் அசெஸ்மென்ட் என்று சொல்லும், சுருக்கமாகப் பி.எல்.ஏ. சில கல்லூரிகள் கிரெடிட் ஃபார் பிரையர் லேர்னிங் என்று சொல்லும், அது சி.பி.எல். கல்லூரியின் இணையதளத்தில் ஒரு பெயரைப் போட்டுத் தேடிக் கிடைக்காவிட்டால் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள்.

1970-களின் தொடக்கத்தில் வயது வந்தவர்களை மனதில் வைத்தே சில கல்லூரிகள் பிறந்தன. நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட், நியூ ஜெர்சியில் தாமஸ் எடிசன், கனெக்டிகட்டில் சார்ட்டர் ஓக் ஆகியவை அப்படிப்பட்டவை. வேலையிலும் வாழ்க்கையிலும் கற்றதை மதிப்பிட்டுக் கிரெடிட் தருவதை இவை ஒரு முறையாக வளர்த்தன. 1974-ல் தொடங்கிய கேல் என்ற அமைப்பு இந்த மதிப்பீட்டுக்கு விதிமுறைகள் வகுத்தது. அவற்றில் முதன்மையான விதி, கிரெடிட் கற்றலுக்குத்தான், அனுபவத்துக்கு இல்லை என்பது.

இந்த விதியைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டாலும் தகும். பத்து வருடம் எழுதினேன் என்பது அனுபவம். யாருக்காக எழுதுகிறோம் என்று பார்த்து எழுத்தை மாற்றத் தெரிந்தது கற்றல். முதலாவதை மட்டும் காட்டினால் பேராசிரியர் பாராட்டுவார், கிரெடிட் தரமாட்டார். எனக்கு அதுதான் நடந்தது.

இது பெரியவர்களுக்கு மட்டும் திறந்த கதவு என்றும் நினைக்க வேண்டாம். ஒஹையோவில் உள்ள மயாமி பல்கலைக்கழகம் 1990-லேயே, புதிதாகச் சேரும் மாணவர்கள் உயர்நிலைப் பள்ளியில் எழுதியவற்றைப் போர்ட்ஃபோலியோவாக வாங்கிப் படித்து, அதன்பேரில் காம்போசிஷன் கிரெடிட் கொடுக்கத் தொடங்கியது. ஒரு மணி நேரத் தேர்வில் எழுதிய ஒரே கட்டுரையை விட, பல நாள் திருத்தி எழுதிய நான்கு கட்டுரைகள் ஒருவரின் எழுத்தைச் சரியாகக் காட்டும் என்பது அந்தக் காலத்துக் காம்போசிஷன் ஆசிரியர்களிடம் வலுத்துவந்த எண்ணம். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

முதலில் கல்லூரியிடம் கேட்க வேண்டியவை

எழுதத் தொடங்கும் முன், பாடத் தேர்வில் உங்களுக்கு வழிகாட்டும் கல்லூரி அட்வைசரைப் பாருங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் மாணவர் பதிவுகளை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரார் அலுவலகம், அங்கேயும் தெளிவு கிடைக்காவிட்டால் இங்கிலீஷ் துறையில் காம்போசிஷன் பாடத்துக்குப் பொறுப்பானவர். பதில் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் பேசியிருந்தாலும் வீட்டுக்கு வந்ததும், நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த அட்வைசர் வேறு வேலைக்குப் போயிருப்பார், உங்கள் கையில் அந்தப் பதில் இருக்கும்.

முதல் கேள்வி, காம்போசிஷன் பாடத்துக்கே போர்ட்ஃபோலியோ வாங்குவீர்களா என்பது. மற்றப் பாடங்களுக்கு வாங்கும் சில கல்லூரிகள், எழுத்துப் பாடத்துக்கு மட்டும் தேர்வுதான் எழுத வேண்டும் என்று வைத்திருக்கும். இரண்டாவது, கட்டணம் எப்படி. போர்ட்ஃபோலியோ ஒன்றுக்கு இவ்வளவு என்று இருக்கலாம், கிரெடிட் ஒன்றுக்கு இவ்வளவு என்றும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் அது மதிப்பிடுவதற்கான கூலி. கிரெடிட் கிடைக்காவிட்டால் திரும்பத் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூன்றாவது, திரும்பி வந்தால் திருத்தி மறுபடி கொடுக்கலாமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா.

அப்புறம், கிடைக்கும் கிரெடிட் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலில், எப்படிப் பதிவாகும் என்று கேளுங்கள். பொதுவாக ஏ, பி போன்ற எழுத்து கிரேடு இல்லாமல் கிரெடிட் என்று மட்டும் வரும், ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண் கணக்கில் சேராது. உங்களுக்கு அது போதுமா என்பது நீங்கள் அடுத்து எங்கே போகப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கம்யூனிட்டி கல்லூரியில் கிரெடிட் வாங்கிக்கொண்டு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப் போகிறவர்கள், போய்ச் சேரும் இடத்தையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். ஒரு கல்லூரி போர்ட்ஃபோலியோவுக்குக் கொடுத்த கிரெடிட்டை இன்னொரு கல்லூரி ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. சில நர்சிங் படிப்புகளும் மேற்படிப்புகளும் காம்போசிஷனில் எழுத்து கிரேடு இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கும். அங்கே போகிறவர்கள் பாடத்தை எடுத்துப் படிப்பதுதான் நல்லது.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இளநிலை மாணவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும் என்பது விதி. போர்ட்ஃபோலியோ மூலம் வரும் கிரெடிட்டை அந்த 12-க்குள் கணக்குக் காட்ட முடியாது. இதை நம்பி ஒரு பாடத்தை விட்டுவிட்டால் விசாவுக்கே ஆபத்து. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். பெல் கிராண்ட் போன்ற மத்திய அரசு உதவி வாங்குகிறவர்களும் இதே எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். அந்த உதவியைக் கணக்கிடும்போது நீங்கள் அந்த செமஸ்டரில் படிக்கும் பாடங்களைத்தான் எண்ணுவார்கள்.

பாடம் எதை எதிர்பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது

நான் முதல் தடவை செய்த தவறு, கையில் இருந்ததை எடுத்துவைத்துக்கொண்டு தொடங்கியது. தொடங்க வேண்டிய இடம் பாடத்தின் சிலபஸ். அதில் கற்றல் விளைவுகள் என்று ஒரு பகுதி இருக்கும். பாடத்தை முடித்த மாணவருக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல். உங்கள் போர்ட்ஃபோலியோவைப் படிப்பவர் அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பார்.

பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். ஆனால் பலவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். எழுத்துப் பாடங்களை நடத்தும் பேராசிரியர்களின் தேசிய அமைப்பு 2014-ல் திருத்தி வெளியிட்ட விளைவுகள் அறிக்கை அது. அதில் நான்கு பகுதிகள். வாசகர், நோக்கம், சூழல் பார்த்து எழுதத் தெரிவது ஒன்று. பிறர் எழுதியதை ஆழ்ந்து படித்து, எடைபோட்டு, தன் வாதத்துக்குள் கொண்டுவருவது இரண்டு. வரைவு போட்டு, பிறர் கருத்தைக் கேட்டு, திருத்தி எழுதும் முறை மூன்று. இலக்கணம், வடிவம், மேற்கோள் காட்டும் ஒழுங்கு நான்கு.

கவனித்தீர்களா? நாம் எழுத்து என்றாலே பயப்படும் இலக்கணம் அந்த நான்கில் ஒன்றுக்குள் ஒரு சிறு பகுதி. என் அக்சென்ட், என் ஆர்டிகிள் பிழைகள் என்று கூச்சப்பட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். நன்றாகச் சிந்தித்து எழுதப்பட்ட கட்டுரையை ஒரு ப்ரெபோசிஷனுக்காகத் தள்ளுவதில்லை. பிழைகள் வாசிப்பைத் தடுத்தால்தான் சிக்கல்.

ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் விளைவுகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். வலப்பக்கம் அதைக் காட்டக்கூடிய உங்கள் எழுத்து எது என்று குறியுங்கள். எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே புதிதாக ஏதாவது எழுத வேண்டும். இந்த ஒரு தாள்தான் உங்கள் முழு வேலைத்திட்டம்.

எதை எடுப்பது, எதை விடுவது

எத்தனை வேண்டும் என்று கல்லூரியே சொல்லிவிடும். மூன்று முதல் ஐந்து கட்டுரைகளும் ஒரு விளக்கக் கடிதமும் கேட்பது பரவலான வழக்கம். சொன்ன அளவை மீற வேண்டாம். நிறைய வைத்தால் நிறையக் கிடைக்கும் என்று எண்ணி வீட்டில் இருந்ததையெல்லாம் அடுக்கினால், பலவீனமான ஒன்று நல்ல மூன்றையும் கீழே இழுத்துவிடும்.

வேலையிடத்து எழுத்தில் நல்லவை பல கிடைக்கும். ஒரு முடிவை ஆதரித்து மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கை, நிதி கேட்டு எழுதிய விண்ணப்பம், புதிதாகச் சேருபவர்களுக்கு எழுதிய செயல்முறைக் குறிப்பு போன்றவை. அன்றாட மின்னஞ்சல்கள், கூட்டக் குறிப்புகள், படிவங்கள் வேண்டாம். அவற்றில் வாதமும் இல்லை, தேர்வு செய்த மொழியும் இல்லை.

வேலைக்கு வெளியேயும் தேடுங்கள். வேலைக்குப் போகாத பெண்கள் என்னிடம் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பள்ளிக் கல்வி வாரியத்துக்கு எழுதிய கடிதம், கோயிலுக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ எழுதிய நன்கொடை வேண்டுகோள், மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் மறுத்த பணத்தைக் கேட்டு எழுதிய மேல்முறையீடு, எல்லாம் எழுத்துதான். காப்பீட்டு மேல்முறையீடு எழுதி ஜெயித்தவருக்கு ஆதாரம் வைத்து வாதாடத் தெரியும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

நான் வைத்த ஒன்று, எங்கள் ஊர்க் கவுன்சிலுக்கு எழுதிய கடிதம். மகள் படிக்கும் பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள கிராஸ்வாக்கில், அதாவது நடந்துபோகிறவர்கள் சாலையைக் கடக்கக் கோடு போட்ட இடத்தில், வண்டிகள் நிற்பதே இல்லை. ஒரு காலை அவள் பாதி தூரம் போனபின் ஒரு வண்டி உரசிக்கொண்டு போனது. அன்றிரவே இரண்டு பக்கம் எழுதினேன். அடுத்த நாள் படித்துப் பார்த்தபோது அது முழுக்கப் பயமும் கோபமுமாக இருந்தது. அனுப்பவில்லை. ஒரு வாரம், ஐந்து நாள், காலையில் அங்கே நின்றுகொண்டு, நிற்கிற வண்டிகளையும் நிற்காமல் போகிற வண்டிகளையும் எண்ணினேன். நியூ ஜெர்சியில் 2010 ஏப்ரலிலிருந்து கிராஸ்வாக்கில் ஆள் இருந்தால் வண்டி முழுவதுமாக நின்றாக வேண்டும் என்பது சட்டம். அதைத் தேடிப் படித்துக் கடிதத்தில் சேர்த்தேன். இரண்டு பக்கம் ஒரு பக்கமானது.

அந்தக் கடிதத்தின் முதல் வரைவையும் நான் தூக்கிப்போடவில்லை. அது பின்னால் பெரிய உதவியாக இருந்தது. உங்களிடமும் பழைய வரைவுகள் இருந்தால் தேடி எடுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பழைய பதிப்புகள் அதிலேயே இருக்கும். திருத்தி எழுதும் முறை தெரியும் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தமிழில் எழுதியவை சேருமா என்று பலர் கேட்கிறார்கள். சங்க மலரில் கட்டுரை, சிறுகதை, பிள்ளைகளுக்கு நாடகம் என்று எழுதியவர்கள் நம்மிடையே நிறைய. பாடம் இங்கிலீஷ் எழுத்தைப் பற்றியது என்பதால் தமிழ்க் கட்டுரையை நேரடியாக ஒரு மாதிரியாக வைக்க முடியாது. ஆனால் விளக்கக் கடிதத்தில் அதைப் பற்றிப் பேசலாம். இரண்டு மொழி வாசகர்களுக்கு இரண்டு விதமாக எழுதியவருக்கு, வாசகரைப் பார்த்து எழுதுவது என்றால் என்ன என்பது மற்றவர்களை விட நன்றாகவே தெரியும். தயங்காமல் எழுதுங்கள்.

ஆய்வுக் கட்டுரை ஒன்று இருந்தே ஆக வேண்டும்

வெளியிலிருந்து வருகிற பெரும்பாலோரின் தாளில் காலியாக இருக்கும் இடம் இதுதான். பல மூலங்களைப் படித்து, மேற்கோள் காட்டி, தன் வாதத்தை நிறுவும் கட்டுரை. வேலையிடத்தில் யாரும் இதை எழுதச் சொல்வதில்லை. என்னிடமும் இல்லை, இல்லாமலேயே கொடுத்தேன். திரும்பி வந்ததற்கு அது ஒரு காரணம்.

புதிதாக எழுதுங்கள். ஒரு மாதம் ஒதுக்கினால் போதும். ஏற்கெனவே தெரிந்த, அக்கறை உள்ள விஷயத்தை எடுங்கள். நான் கிராஸ்வாக் விஷயத்தையே எடுத்தேன். வேகத்தடையும் எச்சரிக்கை விளக்கும் வைப்பதால் பயன் உண்டா என்று எட்டுப் பக்கம். மூலங்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பல பொது நூலகங்களின் அட்டை இருந்தால் வீட்டிலிருந்தே ஆய்விதழ்களைத் தேடிப் படிக்கலாம், நூலகரிடம் கேட்டால் காட்டிக்கொடுப்பார். நூலக வேலையில் இருப்பவளாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று நாங்கள் காத்திருக்கிறோம்.

மேற்கோள் காட்டுவதில் எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ. என்று இரண்டு முறைகள் அதிகம் புழங்குகின்றன. கட்டுரைக்குள் முதலாவதில் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் வரும், இரண்டாவதில் பெயரும் ஆண்டும் வரும். கல்லூரி எதைக் கேட்கிறதோ அதைக் கடைசி வரைக்கும் பிடித்துக்கொள்ளுங்கள். பர்டூ பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் ரைட்டிங் லேப் இரண்டுக்கும் எடுத்துக்காட்டுகளோடு இலவசமாக விளக்கம் வைத்திருக்கிறது.

இங்கே நம் பள்ளிப் பழக்கம் ஒன்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று எழுதிப் பழகியவர்கள் நாம். முன்னுரையில் பொதுவாக நாலு வரி, நடுவில் ஒரு குறள், அறிஞர் ஒருவர் சொன்னது, நோட்ஸில் இருந்து மனப்பாடம் செய்த ஒரு பத்தி. யார் எங்கே சொன்னார் என்று யாரும் கேட்டதில்லை. நன்றாக மனப்பாடம் செய்தவருக்குத்தான் நல்ல மதிப்பெண். அந்தப் படிப்பில் நான் கற்றது நிறைய, குறை சொல்லவில்லை. ஆனால் அமெரிக்கக் கல்லூரியில் பெயர் சொல்லாமல் எடுத்த ஒரு வாக்கியம் திருட்டு. தெரியாமல் செய்தாலும் திருட்டுதான். சொற்களை மாற்றி நம் நடையில் எழுதினாலும் கருத்து யாருடையதோ அவர் பெயரைச் சொல்ல வேண்டும். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது, போர்ட்ஃபோலியோ முழுவதையும் கவிழ்க்கக்கூடிய ஒரே விஷயம் இது.

இன்னொன்று, நாம் விஷயத்தைச் சுற்றி வந்து கடைசியில் சொல்வோம். இங்குள்ள பேராசிரியர் முதல் பக்கத்திலேயே நீங்கள் என்ன வாதாடப்போகிறீர்கள் என்று ஒரு வாக்கியத்தில் எதிர்பார்ப்பார். தீசிஸ் என்பார்கள். அந்த வாக்கியத்தின் அடியில் பென்சிலால் கோடு போட முடிகிறதா என்று பாருங்கள். கோடு போட இடம் இல்லையென்றால் கட்டுரை இன்னும் முடியவில்லை.

விளக்கக் கடிதம்

ரிஃப்ளெக்டிவ் லெட்டர், கவர் லெட்டர், நேரேட்டிவ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இதுதான் போர்ட்ஃபோலியோவின் உயிர். கட்டுரைகளை முன்பே எழுதிவிட்டீர்கள். கிரெடிட்டுக்கான வாதத்தை இந்தக் கடிதத்தில்தான் வைக்கிறீர்கள். நான்கைந்து பக்கம் கேட்பார்கள். கட்டுரை திருத்த எடுத்த நேரத்தை விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

முதல் தடவை நான் எழுதியதன் சாரம் இது: நான் பத்து வருடங்களாக நூலகத்தில் பணியாற்றுகிறேன், பல அறிக்கைகளும் கடிதங்களும் எழுதியிருக்கிறேன், கவுன்சிலுக்கு எழுதிய இந்தக் கடிதம் என் எழுத்துத் திறமையையும் சமூக அக்கறையையும் காட்டுகிறது. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படித்தவர் எழுதி அனுப்பிய குறிப்பு என்ன தெரியுமா? என்ன செய்தீர்கள் என்று தெரிகிறது, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று தெரியவில்லை. அன்றைக்கு அது வலித்தது. இன்றைக்கு யாராவது என்னிடம் போர்ட்ஃபோலியோ கொண்டுவந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி அதுவே.

இரண்டாம் தடவை அதே கடிதத்தைப் பற்றி இப்படி எழுதினேன்: முதல் வரைவில் என் மகள் பயந்த கதையை முதல் பத்தியில் வைத்திருந்தேன். கவுன்சில் உறுப்பினர்கள் புகார்க் கடிதங்கள் படித்துப் பழகியவர்கள், இதுவும் ஒரு தாயின் பதற்றம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று தோன்றியது. அவர்கள் செலவுக்கு ஓட்டுப் போட வேண்டியவர்கள், பிறருக்கு எடுத்துக்காட்ட அவர்களுக்கு எண்ணிக்கையும் சட்டமும் தேவை. அதனால் ஐந்து நாள் எண்ணிய கணக்கை முன்னால் கொண்டுவந்தேன். மகளின் கதையை நீக்கவில்லை, மூன்றாம் பத்திக்கு நகர்த்தி நான்கு வரியாகச் சுருக்கினேன், எண்களுக்குப் பின்னால் ஒரு குழந்தை நிற்கிறது என்று தெரிவதற்காக. இணைப்பில் முதல் வரைவின் முதல் பத்தியையும் கடைசி வரைவின் முதல் பத்தியையும் பார்க்கலாம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டாவதில் திறமை என்ற சொல்லே இல்லை. ஒரு முடிவு இருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, அதை எங்கே பார்க்கலாம் என்று இருக்கிறது. விளைவுப் பட்டியலில் முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் அந்த ஒரே பத்தியில் நிறைவேறிவிட்டன. ஒவ்வொரு கட்டுரைக்கும் இப்படி இரண்டு மூன்று முடிவுகளை எடுத்துப் பேசினால் கடிதம் தானாக நிறைந்துவிடும்.

நன்றாக வராததையும் எழுதலாம். என் நிதி விண்ணப்பம் ஒன்று நிராகரிக்கப்பட்டது, நிதி கொடுப்பவர்களின் நோக்கத்தைப் படிக்காமல் எங்கள் தேவையை மட்டும் எழுதியதுதான் காரணம் என்று சொல்லி, அடுத்த வருடம் எப்படி மாற்றினேன் என்று காட்டினேன். அதைப் பாராட்டிக் குறிப்பு வந்தது. பாடத்தில் உட்கார்ந்து படிக்கும் மாணவரும் அப்படித்தானே கற்கிறார்.

கடிதத்தில் பாடத்தின் சொற்களைப் பயன்படுத்துங்கள். ஆடியன்ஸ் (வாசகர்), பர்ப்பஸ் (நோக்கம்), தீசிஸ், ரிவிஷன், கவுன்ட்டர் ஆர்க்யூமென்ட் (எதிர்வாதம்). பெயர் தெரியாமலே இவற்றை நீங்கள் செய்துகொண்டிருந்திருப்பீர்கள். இரவல் வாங்கியாவது ஒரு காம்போசிஷன் பாடநூலைப் புரட்டினால் உங்கள் பழக்கத்துக்கு அங்கே ஒரு பெயர் இருப்பது தெரியும். ரிவிஷன் வேறு, எடிட்டிங் வேறு என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. முதலாவது கருத்தையும் அமைப்பையும் மாற்றுவது, இரண்டாவது வாக்கியங்களைச் செப்பனிடுவது.

பிறர் பெயர்களும் பிறர் கைகளும்

வேலையிடத்து ஆவணத்தை வெளியே கொடுக்கும் முன் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாடிக்கையாளர் பெயர், நோயாளி விவரம், சம்பளம், கணக்கு எண் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். அழிப்பது என்றால் கருப்புக் கட்டம் போட்டு மூடுவது இல்லை, சில கோப்புகளில் கட்டத்துக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும். சொல்லையே நீக்கிவிட்டு அதற்குப் பதில் நோயாளி, வாடிக்கையாளர் என்று எழுதிச் சேமியுங்கள். மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும், நோயாளி தகவல் வெளியே போவது சட்டப்படி குற்றம்.

பலர் சேர்ந்து எழுதியதாக இருந்தால் உங்கள் பங்கு எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை என்று சொல்லிவிடுங்கள். ஏ.ஐ. கருவிகள் பற்றிக் கல்லூரியின் விதி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் கருத்தைக் கேட்டால், விளக்கக் கடிதத்தில் அதைத் தொடவே வேண்டாம். உங்கள் முடிவுகளுக்கான காரணம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வேறு எது எழுதினாலும் அது என் முதல் கடிதம் போலத்தான் இருக்கும். எல்லாம் சொந்த எழுத்து என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு.

கொடுப்பதும் அதற்குப் பின்னும்

எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்குங்கள். முதலில் பொருளடக்கம், பிறகு விளக்கக் கடிதம், பிறகு கட்டுரைகள், கடைசியில் வரைவுகளும் அனுமதிக் கடிதமும். ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் எப்போது, யாருக்காக, எந்தச் சூழலில் எழுதியது என்று இரண்டு வரி போடுங்கள். கடிதத்தில் ஒரு கட்டுரையைக் குறிப்பிடும்போதெல்லாம் பக்க எண் கொடுங்கள். படிப்பவர் தேட வேண்டியிருந்தால் பாதியில் பொறுமை போய்விடும்.

கொடுக்கும் முன் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். கல்லூரியில் சேர்ந்திருந்தால் அங்குள்ள ரைட்டிங் சென்டரில் நேரம் வாங்கலாம், பெரும்பாலும் இலவசம். பிழை திருத்தச் சொல்லாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்தபின் எனக்கு என்ன தெரியும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது என்று கேளுங்கள். அவர் உங்கள் வேலை வரலாற்றைத் திருப்பிச் சொன்னால் மறுபடி உட்கார்ந்து எழுதுங்கள்.

பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் அடுத்த செமஸ்டர் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. சில இடங்களில் பகுதிக் கிரெடிட்டும் உண்டு. முதல் காம்போசிஷனுக்குக் கிடைத்து, இரண்டாவதை எடுத்துப் படிக்கச் சொல்லலாம். அது தோல்வி என்று யாரும் சொல்ல வேண்டாம், 3 கிரெடிட்டின் பணமும் 15 வாரமும் கையில் மிச்சம். திரும்பி வந்தால் குறிப்பைப் படித்து ஒரு வாரம் விட்டுவிட்டு, பிறகு அதே விளைவுத் தாளை எடுத்து எந்த இடம் காலி என்று பாருங்கள்.

வேகமாகத் தேர்வு எழுதக்கூடியவர்களுக்குக் காலேஜ் போர்டு நடத்தும் கிளெப் தேர்வும் இருக்கிறது. அதில் காலேஜ் காம்போசிஷன் என்ற தேர்வில் கொள்குறி வினாக்களும் இரண்டு கட்டுரைகளும் உண்டு. மதிப்பெண் 20 முதல் 80 வரை, 50 எடுத்தால் கிரெடிட் தரலாம் என்பது பொதுப் பரிந்துரை. ஆனால் ஏற்பதும் மறுப்பதும் உங்கள் கல்லூரியின் முடிவு. நிதானமாகத் திருத்தி எழுதினால்தான் எழுத்து வரும் என்கிறவர்களுக்குப் போர்ட்ஃபோலியோதான் ஏற்றது. இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதவே திணறுகிறவர் என்றால் இரண்டும் வேண்டாம், பாடத்தையே எடுங்கள். அங்கே ஒருவர் வாரா வாரம் உங்கள் எழுத்தைப் படித்துத் திருத்தித் தருவார், அந்த வாய்ப்பு வேறு எங்கும் கிடைக்காது.

கிரெடிட் கிடைத்தது என்று மின்னஞ்சல் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து டிரான்ஸ்கிரிப்டைத் திறந்து, சரியான பாட எண்ணின் கீழ் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்குப் பொது எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம், என்று தவறாகப் பதிந்திருந்தார்கள், அடுத்த பாடத்தில் பெயர் பதியப் போனபோது முன்தகுதி இல்லை என்று திரையில் வந்தது. ஒப்புதல் மின்னஞ்சலை அனுப்பியதும் மறுநாளே சரிசெய்துவிட்டார்கள். கோப்பையும் பத்திரமாக வையுங்கள். பிசினஸ் ரைட்டிங், டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்களுக்கும் சில கல்லூரிகள் போர்ட்ஃபோலியோ வாங்குகின்றன. அங்கே அதே அறிக்கைகளைப் புதிய விளக்கக் கடிதத்தோடு கொடுக்கலாமா, ஒரே எழுத்தை இரண்டு தடவை கணக்கில் எடுப்பார்களா என்று அட்வைசரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.